இரண்டு மழைமானியும் அப்பாவின் உழவுக் கணக்கும்

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அன்று தொடங்கிய மழை மறுநாளும் விடவில்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பெய்திருக்கிறது என்று செய்தி வந்தது. எங்கள் ஊரில் எவ்வளவு என்று கேட்டவர்களுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. மொட்டை மாடியில் கிடந்த ஒரு பெயிண்ட் பக்கெட் மட்டும் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

பக்கெட்டை வைத்துக் கணக்குப் போட உட்கார்ந்தேன். சரியாக வரவில்லை. பக்கெட்டின் வாய் அகலம், அடி குறுகல். அகலமான வாயில் விழுந்த தண்ணீர் குறுகலான அடியில் போய்ச் சேருவதால், உள்ளே நிற்கும் உயரம் பெய்த மழையைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். போதாததற்கு அது எப்போது நிரம்பி வழிய ஆரம்பித்தது என்றும் தெரியாது. அரசாங்க மழைமானி இருப்பது பல கிலோமீட்டர் தள்ளி. எங்கள் கரிசல் பூமியில் ஓடைக்கு இந்தப் பக்கம் கொட்டி, அந்தப் பக்கம் தூசி அடங்காத நாட்கள் நிறைய உண்டு. அங்கே பதிவான மழையை எங்கள் மழையாக எடுத்துக்கொள்ள முடியாது. அடுத்த பருவத்துக்குள் வீட்டில் ஒரு மழைமானி இருந்தாக வேண்டும் என்று அன்றைக்கே தீர்மானித்தேன்.

2024 கோடையில் வேலையைத் தொடங்கினேன். நேரே மின்னணுக் கருவிக்குப் போய்விடலாமா என்று ஆசை இருந்தது. ஆனால் அது தரும் எண் சரியா தவறா என்று எதைக் கொண்டு பார்ப்பது? அதனால் முதலில் கண்ணால் பார்த்து அளக்கும் ஒன்றைச் செய்தேன். இந்த வரிசையை மாற்ற வேண்டாம் என்று செய்ய நினைக்கும் எல்லோரிடமும் சொல்வேன்.

மழைக் கணக்கின் அடிப்படை எளிது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லிட்டர் தண்ணீர் விழுந்தால் அது 1 மில்லிமீட்டர் மழை. அப்புறம் பாத்திரத்தின் வாய்ப்பரப்பு தெரிந்தால் போதும், பிடித்த தண்ணீரை அளந்து மில்லிமீட்டராக மாற்றிவிடலாம். வீடு கட்டியபோது மிஞ்சிய நாலங்குல பிவிசி குழாய் கிடந்தது. அதில் நாற்பது சென்டிமீட்டர் துண்டு ஒன்றை அறுத்தேன். உள்விட்டத்தை நான்கு திசையில் அளந்து சராசரி எடுத்ததில் 104 மில்லிமீட்டர் வந்தது. அப்படியானால் வாய்ப்பரப்பு ஏறக்குறைய 84.9 சதுர சென்டிமீட்டர், 1 மில்லிமீட்டர் மழைக்கு 8.5 மில்லிலிட்டர் தண்ணீர். அடியில் எண்டு கேப் ஒட்டினேன். உள்ளே, வாயிலிருந்து கொஞ்சம் கீழே, ஒரு பிளாஸ்டிக் புனலைக் குழாயின் அளவுக்கு வெட்டி, சுற்றிலும் பசை வைத்துப் பொருத்தினேன். அந்தப் பசையின் மேல் மட்டும் கவனம் வேண்டும். சிறு இடுக்கு இருந்தாலும் தண்ணீர் புனலுக்குள் போகாமல் சுவரோடு இறங்கிவிடும். புனலுக்குக் கீழே ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்று நிற்கும். அதை எடுக்க வசதியாகக் குழாயை நடுவில் அறுத்து, கப்ளிங் போட்டுக் கழற்றி மாட்டும்படி வைத்தேன். பாட்டில் 118 மில்லிமீட்டர் வரை பிடிக்கும். அதற்கு மேல் பெய்தால் வழிவது குழாயின் அடியிலேயே தங்கும், வீணாகாது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில் ஒரு நாளைக்கு 64.5 மில்லிமீட்டருக்கு மேல் போனால் கனமழை, 204.5-ஐத் தொட்டால் அதிகனமழை. 204.5-ஐத் தொடும் ஒரு நாள் வந்தாலும் தாங்கட்டும் என்று குழாயை நீளமாகவே விட்டேன்.

வாயின் விளிம்பை அரத்தால் வெளிப்பக்கமாகச் சரித்துத் தேய்த்தேன். இது அழகுக்கு இல்லை. விளிம்பு தட்டையாக, தடிமனாக இருந்தால் அதன் மேல் விழும் துளி உள்ளேயும் தெறிக்கும், வெளியேயும் தெறிக்கும். கத்தி முனை போல இருந்தால் துளி இரண்டாகப் பிளந்து அதனதன் பக்கம் போகும். புனல் எதற்கு என்று கேட்கலாம். திறந்த குழாயில் நிற்கும் தண்ணீரை எங்கள் ஊர் வெயில் மத்தியானத்துக்குள் கொஞ்சம் குடித்துவிடும். புனலின் சிறு துளை வழியே ஆவி அவ்வளவாக வெளியேறாது.

வைத்த இடம் கொல்லைப்புறத்தில், வேப்பமரத்துக்கும் வீட்டுச் சுவருக்கும் எட்டி. ஒரு மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ, அதைப்போல இரண்டு மடங்கு தூரமாவது தள்ளி வைக்க வேண்டும். மொட்டை மாடிதான் திறந்தவெளி, அங்கேயே வைக்கலாமே என்று முதலில் தோன்றியது. ஆனால் மாடியில் காற்று கைப்பிடிச் சுவரில் மோதி மேலே எழும். மழைத்துளியை மானியின் வாய்க்கு மேலாகத் தூக்கிக்கொண்டு போய்விடும். வாய் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும் என்று வானிலைத் துறை வைத்திருப்பதும் காற்று குறைவாக இருக்கும் உயரம் என்பதால்தான்.

அளக்கும் நேரம் காலை 8:30. நாடு முழுக்க அதே நேரம்தான். அது உலகப் பொது நேரத்தில் காலை 3 மணி. நம் வசதிக்கு ஏழு மணிக்கோ ஒன்பது மணிக்கோ எடுத்தால், பக்கத்து ஊர்க் கணக்கோடு வைத்துப் பார்க்க முடியாமல் போகும். அம்மா ஒரு நாட்குறிப்பைக் கொடுத்துத் தொங்கவிடச் சொன்னாள். பேனாவையும் அதிலேயே கட்டிவிட்டேன்.

அடுத்தது மின்னணுப் பக்கம். இணையத்தில் கிடைக்கும் சாயும் கிண்ண மழைமானி ஒன்றை வாங்கினேன். இதன் வேலை பார்க்கப் பார்க்க அலுக்காது. புனலுக்குக் கீழே சீசா பலகை போல இரட்டைக் கிண்ணம் ஒன்று இருக்கும். ஒரு பக்கம் குறிப்பிட்ட அளவு தண்ணீர் சேர்ந்ததும் கனம் தாங்காமல் சாய்ந்து கொட்டும். அதே நொடியில் அடுத்த பக்கம் புனலுக்கு நேரே வந்து நிற்கும். நடுவில் ஒரு சின்னக் காந்தம். ஒவ்வொரு சாய்வுக்கும் அது ரீட் சுவிட்சைக் கடந்து போகும். சுவிட்ச் ஒரு முறை மூடித் திறக்கும். எத்தனை முறை மூடியது என்று எண்ணினால் மழை. கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் 17-ஆம் நூற்றாண்டிலேயே இப்படிச் சாயும் கிண்ணத்தை யோசித்திருக்கிறார். காந்தமும் சுவிட்சும் பின்னால் சேர்ந்தவை.

நான் வாங்கியதில் ஒரு சாய்வுக்கு 0.2794 மில்லிமீட்டர் என்று போட்டிருந்தது. அங்குலத்தில் 0.011. எண்ணுவதற்கு ஈஎஸ்பி32 என்னும் சின்னக் கணினிப் பலகை. அதோடு வெப்பம், ஈரப்பதம், காற்றழுத்தம் மூன்றுக்கும் பிஎம்இ280 உணரி. எல்லாவற்றையும் எலெக்ட்ரிக்கல் கடை ஜங்ஷன் பாக்ஸ் ஒன்றுக்குள் வைத்து, கம்பி நுழையும் ஓட்டைகளைக் கீழ்ப்பக்கமாகவே போட்டேன்.

உணரி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பிஎம்இ280 என்று வந்த முதல் பலகையில் ஈரப்பதம் வரவே இல்லை. நிரலைத்தான் சந்தேகப்பட்டு ஒரு மாலை முழுக்கப் போனது. கடைசியில் சிப்பின் அடையாள எண்ணைப் படித்தேன். பதினாறடிமான முறையில் 60 வந்தால் பிஎம்இ280. 58 வந்தால் பிஎம்பி280. எனக்கு வந்தது 58. பிஎம்பியில் ஈரப்பதம் அளக்கும் பகுதியே கிடையாது. பார்க்க இரண்டும் ஒன்று போலவே இருக்கும், விலையில்தான் வித்தியாசம். திருப்பி அனுப்பி வேறு வாங்கினேன். வாங்கியதும் முதல் வேலையாக இந்த எண்ணைப் படித்துப் பாருங்கள்.

ஆகஸ்டில் எல்லாம் ஓடத் தொடங்கியது. மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் 3.4 மில்லிமீட்டர் மழை பதிவாகியிருந்தது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. குழாயைப் போய்ப் பார்த்தேன், காய்ந்து கிடந்தது. பன்னிரண்டு சாய்வுகள் எங்கிருந்து வந்தன?

நல்லவேளையாக ஒவ்வொரு சாய்வுக்கும் நேரத்தைப் பதியும்படி நிரல் எழுதியிருந்தேன். பன்னிரண்டும் காலை 6:10-ஐ ஒட்டி, ஒரே நிமிடத்துக்குள் வந்தவை. மறுநாள் 6:05. அதற்கு மறுநாள் 6:20, அப்புறம் சாயங்காலம் 5:40. நேரங்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தபோது, அப்பா மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டாரைப் போட்டார். திரையில் எண்ணிக்கை துள்ளியது. மழைமானியின் கம்பியை நான் மோட்டார் கம்பியோடு சேர்த்துக் கட்டிக் கொண்டுவந்திருந்தேன். மோட்டார் கிளம்பும் நொடியில் பக்கத்துக் கம்பியில் எழும் மின் அதிர்வையெல்லாம் பலகை மழையாக எண்ணிவிட்டது.

கம்பியை விலக்கிக் கட்டினேன். குறைந்தது, நிற்கவில்லை. இன்னொரு தப்பும் என் பக்கம் இருந்தது. சுவிட்சை 35-ஆம் முனையில் இணைத்திருந்தேன். நிரலில் உள் புல்-அப்பை, அதாவது முனையை 3.3 வோல்ட்டோடு பிடித்து வைக்கும் உள் ரெசிஸ்டரை, இயக்கும் வரியும் இருந்தது. ஈஎஸ்பி32-இல் 34 முதல் 39 வரையான முனைகளுக்கு உள் புல்-அப்பே கிடையாது. நிரல் எந்தப் பிழையும் காட்டாமல் அந்த வரியைத் தாண்டிப் போய்விடும். முனையோ எதிலும் பிடிப்பில்லாமல் காற்றில் தொங்கும். அப்படித் தொங்கும் முனையை மோட்டார் என்ன, கை கிட்டே போனாலே கலைத்துவிடும். வெளியில் 10 கே ரெசிஸ்டர் ஒன்றை 3.3 வோல்ட்டுக்கு இணைத்தேன். முனைக்கும் தரைக்கும் நடுவே 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று. நிரலில், ஒரு சாய்வுக்கு அப்புறம் கால் நொடிக்குள் வரும் எதையும் எண்ணாதே என்று ஒரு வரி. அன்றிலிருந்து மோட்டார் மழை பெய்யவில்லை.

குழாய் மட்டும் இல்லையென்றால் இதை எப்போது கண்டுபிடித்திருப்பேனோ தெரியாது. மழைக்காலத்தில் நடந்திருந்தால் தினமும் மூன்று மில்லிமீட்டர் கூடுதலாகவே எழுதிக்கொண்டு வந்திருப்பேன். 2.5 மில்லிமீட்டர் பெய்தால் அது வானிலைத் துறைக் கணக்கில் ஒரு மழை நாள். வருடம் முழுக்க மழை நாளாகவே போயிருக்கும்.

செப்டம்பரில் ஆறு மழை கிடைத்தது. குழாயில் மொத்தம் 112 மில்லிமீட்டர். சாயும் கிண்ணத்தில் 102. ஆறு முறையும் கிண்ணம்தான் குறைவு. இதைச் சரிபார்க்க ஒரு வழி யோசித்தேன். தெரிந்த அளவுத் தண்ணீரை, மழை போல மெல்ல மெல்ல, ஒரே சீராகக் கிண்ணத்துக்குள் விட வேண்டும். ஊசியால் ஓட்டை போட்ட பாட்டிலில் முயன்றேன். தண்ணீர் குறையக் குறைய வேகமும் குறைந்தது. மருந்துக்கடை வைத்திருக்கும் சித்தப்பாதான் வழி சொன்னார். "சொட்டுச் சொட்டா விடணும்னா டிரிப் செட்ட வாங்கிட்டுப் போயேன்." புதிய டிரிப் செட் ஒன்றும் காலி பாட்டில் ஒன்றும் கொடுத்தார். வேப்பமரக் கிளையில் பாட்டிலைத் தொங்கவிட்டு, சமையலறைத் தராசில் நிறுத்த 500 கிராம் தண்ணீரை ஊற்றி, உருளையைத் திருகிச் சொட்டைச் சரி செய்தேன். நோயாளிக்கு ஏற்றுவது போல மழைமானிக்கு ஏற்றினோம். வேகம் இடையில் குறைகிறதா என்று நானும் தங்கையும் மாறி மாறிக் காவல் இருந்தோம்.

மானியின் வாய் 55 சதுர சென்டிமீட்டர். 500 மில்லிலிட்டருக்கு 325 முறை சாய வேண்டும். மூன்று மணி நேரத்தில் இறக்கியபோது 301 முறைதான் சாய்ந்தது. அதாவது ஒரு சாய்வு 0.2794 அல்ல, 0.302 மில்லிமீட்டர். மறுபடி செய்தேன், 303. நிரலில் எண்ணை மாற்றினேன்.

அப்புறம் உருளையை நன்றாகத் திறந்துவிட்டு, அதே 500 மில்லிலிட்டரை 45 நிமிடத்தில் இறக்கினேன். 284 சாய்வுதான். தண்ணீர் அதே தண்ணீர், கிண்ணம் அதே கிண்ணம். உற்றுப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. கிண்ணம் சாய்ந்துகொண்டிருக்கும் அந்தச் சிறு நேரத்திலும் புனலிலிருந்து தண்ணீர் விழுவது நிற்பதில்லை. ஏற்கெனவே நிரம்பிய பக்கத்திலேயே அதுவும் விழுந்து, எண்ணப்படாமல் கூடவே கொட்டிவிடும். தூறலில் இது ஒரு துளிகூட இல்லை. கொட்டும் மழையில் ஒவ்வொரு சாய்விலும் கொஞ்சம் போகும். எந்த நாளை அளக்க வேண்டும் என்று இத்தனையும் செய்தேனோ, அந்த நாளில்தான் கிண்ணம் அதிகம் குறைத்துச் சொல்லும். ஒரு நிமிடத்தில் எத்தனை சாய்வு என்பதைப் பொறுத்து ஒரு சாய்வின் மதிப்பைக் கூட்டும்படி நிரலைத் திருத்தினேன். ஆனாலும் பெருமழைக்குக் குழாயின் கணக்கைத்தான் நம்புகிறேன்.

கிண்ணத்தை நிறுத்தும்போது ரசமட்டம் வைத்துப் பார்ப்பது அவசியம். ஒரு பக்கம் சரிந்திருந்தால் ஒரு கிண்ணம் அரைகுறையாக நிரம்பும்போதே கவிழும், மற்றது ததும்பிய பிறகு கவிழும். பக்கத்து வீட்டுக் கொத்தனார் அண்ணன் தன் மட்டத்தை எடுத்துக்கொண்டு வந்து, நான் சரி என்று விட்டிருந்த கட்டையைப் பிடுங்கித் திரும்ப நட்டுக் கொடுத்தார்.

வெப்பமானியின் கதை வேறு. முதலில் உணரியை ஜங்ஷன் பாக்ஸுக்குள்ளேயே வைத்திருந்தேன். மதியம் 2 மணிக்கு 43.6 டிகிரி காட்டியது. அது காற்றின் வெப்பம் இல்லை, வெயிலில் காய்ந்த பெட்டியின் வெப்பம். வானிலை நிலையங்களில் இதற்காகவே ஸ்டீவன்சன் பெட்டி என்று ஒன்று உண்டு. கலங்கரை விளக்கங்கள் கட்டிய பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன் வடிவமைத்தது. வெள்ளை வண்ணம் அடித்து, நாலு பக்கமும் சாய்வான பலகைத் துண்டுகள் அடித்த கூண்டு. காற்று உள்ளே போய்வரும், வெயில் நுழையாது. நம் பகுதிகளில் அதன் கதவு வடக்கே பார்த்து இருக்கும், திறக்கும்போது வெயில் படக்கூடாது என்று. நான் அவ்வளவு பெரிய வேலைக்குப் போகவில்லை. பூச்செடித் தொட்டிக்கு அடியில் வைக்கும் வெள்ளை பிளாஸ்டிக் தட்டுகள் எட்டு வாங்கினேன். மேலே இரண்டும் அடியில் ஒன்றும் தவிர, மற்றவற்றின் நடுவை வட்டமாக வெட்டி எடுத்தேன். மூன்று நீள திருகுக் கம்பிகளில் கோத்து, தட்டுக்குத் தட்டு விரற்கடை இடைவெளி விட்டு, கவிழ்த்து அடுக்கினேன். இன்னொரு உணரியை நடுவில் தொங்கவிட்டு, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில், மண் தரைக்கு மேலே மாட்டினேன். சிமெண்டுத் தரைக்கு மேலே வைத்தால் தரையின் அனல் கீழிருந்து வரும். அன்று மதியம் பெட்டிக்குள் வைத்த பழைய உணரி 43.2 காட்டியபோது தட்டுக் கூண்டில் இருந்தது 38.7.

ஈரப்பதத்துக்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. சமையல் உப்பில் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, கரையாமல் ஈர மணலைப் போல இருக்கும்படி பிசைந்து, ஒரு சின்ன மூடியில் வையுங்கள். அதையும் உணரியையும் காற்றுப் புகாத டப்பாவில் ஒன்றாக வைத்து ஒரு ராத்திரி மூடிவிடுங்கள். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்துக்கு வந்து அங்கேயே நிற்கும். அறையின் வெப்பம் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் அது பெரிதாக மாறாது. என் உணரி 71 காட்டியது. நான்கைக் கூட்டிக்கொண்டேன். உப்பு உணரியின் மேல் பட்டுவிடக் கூடாது என்பதில் மட்டும் கவனம்.

காற்றழுத்தத்தைப் பற்றி நான் எதிர்பார்க்கவே இல்லை. ஒரு வார வரைபடத்தைப் பார்த்தபோது உணரி கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். தினமும் காலை 10 மணி வாக்கில் ஏறி, மாலை 4 மணிக்கு இறங்கி, இரவு 10 மணிக்கு மறுபடி ஏறி, விடிகாலை 4 மணிக்கு மறுபடி இறங்குகிறது. வித்தியாசம் மூன்று ஹெக்டோபாஸ்கல் அளவு. ஏதோ மின்சாரத்தில் கோளாறு என்று பேட்டரியை மாற்றினேன், அதுவும் அப்படியே. பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். கடலில் ஓதம் ஏறி இறங்குவது போல வளிமண்டலத்துக்கும் உண்டு. சூரியன் காற்று மண்டலத்தைச் சூடாக்குவதால், ஒரு நாளில் இரண்டு முறை எழும் அலை அது. நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் போன்ற பகுதிகளில்தான் இது தெளிவாகத் தெரியும். அறுநூறு ரூபாய்ச் சில்லு ஒன்று, பூமியைச் சுற்றி வரும் அலையை எங்கள் கொல்லைப்புறத்திலிருந்து எழுதிக் காட்டிக்கொண்டிருந்தது. அன்று இரவு பத்து மணி வரை விழித்திருந்து அந்தக் கோடு ஏறுவதைப் பார்த்துவிட்டுத்தான் படுத்தேன். இந்த அலை தெரிந்தால் இன்னொரு லாபம். காலை 10 மணியிலிருந்து 4 மணிக்குள் இரண்டு மூன்று ஹெக்டோபாஸ்கல் இறங்கினால் புயல் வருகிறது என்று பயப்பட வேண்டியதில்லை. முந்தின நாள் அதே நேரத்தோடு ஒப்பிட்டு இறங்கினால்தான் விஷயம்.

மின்சாரம் பற்றிச் சுருக்கமாக. ஒரு 18650 லித்தியம் செல், ஒரு சின்ன சோலார் பலகை. ஈஎஸ்பி32 தூங்கும்போது மிகக் கொஞ்சம்தான் குடிக்கும் என்று நம்பியிருந்தேன். சிப் தூங்கும், பலகையில் இருக்கும் ரெகுலேட்டரும் யூஎஸ்பி சிப்பும் தூங்காது. வெயில் நாட்களில் தெரியவில்லை. ஐப்பசியில் நான்கு நாள் மூடாப்புப் போட்டதும், மழை பெய்துகொண்டிருக்கும்போதே நின்றுவிட்டது. அந்த நான்கு நாளும் குழாய்தான் கணக்கை வைத்துக்கொண்டது. தூக்கத்தில் குறைவாகக் குடிக்கும் ரெகுலேட்டரோடு வரும் வேறு பலகைக்கு மாறினேன், செல்லையும் இரண்டாக்கினேன். சாய்வுகளின் எண்ணிக்கையை மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் எழுத வைத்தேன்.

எல்லாவற்றையும்விட அதிகம் தொந்தரவு தந்தது உயிரினங்கள்தான். எறும்பு கிண்ணத்துக்கு அடியில் முட்டை வைத்தது. தண்ணீர் வெளியேறும் துளையைக் குளவி மண்ணால் பூசியது. சிலந்தி நூல் ஒன்று கிண்ணத்தைப் பிடித்து நிறுத்தி, ஒரு நல்ல மழையில் பாதியைச் சாப்பிட்டது. கண்ணுக்குத் தெரியாத ஒற்றை நூல். இப்போது அடித்துளைகளில் கொசுவலைத் துண்டு ஒட்டியிருக்கிறேன், நடுகட்டையைச் சுற்றி கிரீஸ் தடவியிருக்கிறேன். வேப்பம்பூக் காலத்தில் வாரம் இருமுறை புனலைத் துடைக்கத்தான் வேண்டும்.

அப்பாவுக்கு இதில் ஆரம்பத்திலிருந்தே ஒரு கேள்வி. "மில்லிமீட்டரெல்லாம் இருக்கட்டும்ய்யா. உழவு ஈரம் எறங்கிருக்கா, அதச் சொல்லு." எங்கள் பக்கம் மழையை அரை உழவு, ஒரு உழவு, இரண்டு உழவு என்றுதான் சொல்வார்கள். கலப்பை இறங்கும் ஆழத்துக்கு மண்ணில் ஈரம் இறங்கினால் அது ஒரு உழவு மழை. மானாவாரிக்காரனுக்கு வேண்டியது அந்த ஈரம்தான். புஞ்சை வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர். அங்கேயும் ஒரு குழாயைச் செய்து நட்டேன், அளக்க ஒரு பாட்டிலும் கொடுத்தேன். ஒவ்வொரு மழைக்கும் மறுநாள் காலையில் அப்பா மண்வெட்டியால் ஒரு குழி வெட்டுவார். நான் ஸ்கேலை வைத்து ஈரம் எதுவரை இறங்கியிருக்கிறது என்று அளப்பேன். கரிசலில் அது நன்றாகத் தெரியும். மேலே கருத்த மண், கீழே வெளுத்த மண், நடுவில் கோடு போட்டது போல.

ஐப்பசித் தொடக்கத்தில் பெய்த 19 மில்லிமீட்டருக்கு ஈரம் 9 செ.மீ. "முக்கால் உழவு" என்றார் அப்பா. வெடிப்புகள் இன்னும் மூடவில்லை. அவற்றுக்குள் கையை விட்டால் முழங்கை வரை ஈரம். அடுத்து ராத்திரி முழுக்க மெல்லப் பெய்த 27 மில்லிமீட்டர், ஈரம் 15 செ.மீ. ஒரு உழவு. அதற்கு அடுத்த வாரம் சாயங்காலம் இடியோடு 31 மில்லிமீட்டர் கொட்டியது. மழை கூடுதல், ஆனால் குழியில் பார்த்தால் புதிதாக இறங்கிய ஈரம் கொஞ்சம்தான். ஓடையில் செம்மண்ணும் கரிசலும் கலந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

அன்றைக்குத்தான் சாயும் கிண்ணத்தின் அருமை எனக்கு முழுதாகப் புரிந்தது. குழாய் 27 என்றும் 31 என்றும் மட்டும் சொல்லும். இரண்டும் ஏறக்குறைய ஒரே மழை போலத் தெரியும். வீட்டிலிருக்கும் கிண்ணத்தின் பதிவில் முதலாவது ஒன்பது மணி நேரம் பரவிக் கிடந்தது, இரண்டாவது நாற்பது நிமிடத்தில் முடிந்துவிட்டது. மண் குடிக்கும் வேகத்தைவிட வேகமாகப் பெய்தால் மிச்சம் ஓடைக்குத்தான். அந்த இரண்டு வரைபடத்தையும் அச்செடுத்து அப்பாவிடம் காட்டினேன். நெடு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இதத்தான் நாங்க ஊற மழ, ஓட்ட மழனு சொல்லுவோம்" என்றார். அதிலிருந்து நாட்குறிப்பில் மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் எத்தனை மணி நேரம் என்று ஒரு கட்டமும், உழவு என்று ஒரு கட்டமும் போட்டிருக்கிறோம். மூன்றாவது கட்டத்தை அப்பாதான் நிரப்புவார்; நான் எதுவும் சொல்வதில்லை.

இரண்டு பருவம் முடிந்துவிட்டது. வீட்டுக்கும் புஞ்சைக்கும் ஒரே மழை பெய்த நாட்கள், பாதிக்கும் குறைவு. ஒரு நாள் வீட்டில் 42, புஞ்சையில் 11. அன்று வீட்டில் இருந்த மழையை நம்பி விதையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருந்தால் வீணாகத் திரும்பியிருப்போம். புஞ்சைக் குழாயைப் பார்த்த அப்பா போனிலேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இப்போது பக்கத்துப் புஞ்சைக்காரர்கள் இரண்டு பேர் குழாய் கேட்டிருக்கிறார்கள். துண்டுகள் அறுத்து விளிம்பு தேய்த்தாகிவிட்டது. உள்விட்டம் ஒன்றுக்கொன்று ஒரு மில்லிமீட்டர் வேறுபடுகிறது. அதனால் ஒவ்வொரு குழாய்க்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு, அதனதன் பாட்டிலில் பெர்மனன்ட் மார்க்கரால் கோடு போட்டுக்கொண்டிருக்கிறேன்.